கிளாஸ் முதலில், கார் அப்புறம்

2018 பிப்ரவரியில் ஒரு நீல நிற மாஸ்டா மியாட்டாவைப் பார்க்கப் போனோம். துணிக் கூரை போட்ட சின்ன இரண்டு இருக்கைக் கார் அது. இந்தியானாவில் எங்கள் ஊரிலிருந்து முக்கால் மணி நேரப் பயணம். 1999 மாடல். தரையோடு ஒட்டினாற்போல இறக்கி வைத்திருந்தார்கள். பானெட்டைத் திறந்தால் உள்ளே டர்போ. அகலமான ரிம், புது சைலன்சர், பந்தயக் கார்களில் இருப்பது போன்ற இருக்கைகள். விலை 6,000 டாலர். என் கணவர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கியபோது அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். அதைப் பார்த்து நானும், சரி, இதுதான் நம் கார் என்று முடிவு செய்துவிட்டேன்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு பெரியவருக்கு ஃபோன் செய்தேன். நாங்கள் ஓட்டும் ஆட்டோகிராஸ் என்ற கார்ப் போட்டிக் குழுவில் முப்பது வருடமாக ஓட்டுபவர். காரில் என்னென்ன மாற்றியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்ததும், "அது எந்த கிளாஸில் போகும் என்று பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. கிளாஸ் என்றால், எந்தக் கார் எந்தக் கார்களோடு மோதும் என்று வகுத்திருக்கும் போட்டிப் பிரிவு. அது காரை வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளும் விஷயம் என்றே நான் நினைத்திருந்தேன்.

அந்தக் கார் சூப்பர் ஸ்ட்ரீட் மாடிஃபைட் கிளாஸில் போய்ச் சேரும். டர்போ ஏற்றிய இரண்டு இருக்கைக் கார்களுக்கு அதுதான் இடம். அங்கே போட்டிக்கு வருபவை பல வருடங்களாகச் செதுக்கிச் செதுக்கிக் கட்டிய ஆர்எக்ஸ்-7 போன்ற கார்கள். பந்தய டயர், பின்னால் பெரிய இறக்கை. ஒரு டயர் செட்டுக்கே ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். நானும் என் கணவரும் அதுவரை ஓட்டியிருந்தது மொத்தம் நான்கு போட்டிகள், அதுவும் எங்கள் வீட்டு கரோலாவில். நீலக் காரை விட்டுவிட்டு வந்தோம். திரும்பும் வழியில் அவர் அதிகம் பேசவில்லை. எனக்கும் மனசில்லை. ஆனால் இந்த விளையாட்டில் நாங்கள் எடுத்த மிக நல்ல முடிவு அதுதான் என்று இன்று உறுதியாகச் சொல்வேன்.

ஆட்டோகிராஸ் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரிய பார்க்கிங் மைதானத்திலோ பழைய விமான ஓடுதளத்திலோ ஆரஞ்சு நிற கோன்களை வைத்து ஒரு பாதை போடுவார்கள். ஒரு முறைக்கு ஒரு கார்தான் நேரத்துக்கு எதிராக ஓடும். முன்னால் போன கார் பாதியைத் தாண்டியதும் அடுத்ததை விடுவார்கள், ஆனால் இரண்டும் ஒன்றையொன்று நெருங்காது. ஒரு ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடம். பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே முடிந்துவிடும். நெடுஞ்சாலை வேகத்தை எட்டுவதே அபூர்வம். கோன் விழுந்தாலோ, சாக்பீஸால் வரைந்த கட்டத்தை விட்டு முழுதாக நகர்ந்தாலோ 2 வினாடி தண்டனை. ஒரு வாயிலைத் தவறவிட்டால் அந்த ஓட்டமே கணக்கில் வராது. ஓட்டி முடித்தவர்கள் அடுத்த சுற்றில் வெயிலில் நின்று, மற்றவர்கள் இடித்துத் தள்ளும் கோன்களை ஓடி ஓடி எடுத்து வைக்க வேண்டும். இதிலிருந்து யாருக்கும் விலக்கு கிடையாது. எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்தது இந்த வழக்கம்தான்.

என் அப்பா இளைஞராக இருந்தபோது சென்னைக்கு வெளியே சோழவரத்தில் நடந்த பந்தயங்களைப் பார்க்கப் பேருந்து ஏறிப் போனவர். அதுவும் உலகப் போர்க் காலத்து விமானத் தளம்தான். நான் ஓடுதளத்தில் ஓட்டுகிறேன் என்று சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தரை தாரா, கான்கிரீட்டா?" பிடிமானம் அதைப் பொறுத்து மாறும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இந்த விளையாட்டைப் பெரிய அளவில் நடத்துவது எஸ்சிசிஏ, அதாவது ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா. 1944இல் தொடங்கிய சங்கம். அவர்களுடைய விதிப்புத்தகம் தடிமனானது. அதில் பெரும்பகுதி, எந்தக் கார் எந்த கிளாஸ், அந்த கிளாஸில் எதை மாற்றலாம் என்பதுதான். முதல் தடவை படித்தபோது தலை சுற்றியது. மூன்றாம் தடவை படித்தபோது, எங்களைப் போன்ற சம்பளக்காரக் குடும்பங்களைக் காப்பாற்றவே இதை எழுதியிருக்கிறார்கள் என்று புரிந்தது.

அடித்தளம் ஸ்ட்ரீட் பிரிவு. கடையில் வாங்கிய நிலையில் இருக்கும் கார்கள் இங்கே. சூப்பர் ஸ்ட்ரீட்டில் கார்வெட், போர்ஷ் போன்றவை. அங்கிருந்து ஏ, பி, சி என்று இறங்கி எச் ஸ்ட்ரீட்டில் எங்கள் கரோலா போன்ற வீட்டுக் கார்கள். டயரின் பக்கச் சுவரில் டிரெட்வேர் என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். எண் குறையக் குறைய ரப்பர் சீக்கிரம் தேயும், ஆனால் பொதுவாகப் பிடிமானம் கூடும். அது 200க்குக் குறையக் கூடாது. ஷாக் அப்சார்பரை மாற்றிக்கொள்ளலாம். வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஆன்டி-ரோல் பார், முன்னாலோ பின்னாலோ ஒன்றை மட்டும் மாற்றலாம். பிரேக் பேட் உங்கள் விருப்பம். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பிறகு வரும் சைலன்சர் பகுதியையும் மாற்றலாம். ஸ்பிரிங்கைத் தொடக் கூடாது. நாங்கள் கார் வாங்கிய காலத்து விதிப்படி ரிம்மின் அகலமும் ஒரிஜினல் அளவில்தான் இருக்க வேண்டும். காற்று வடிகட்டியின் உள்ளே இருக்கும் தாளை மாற்றலாம், அது உட்காரும் பெட்டியை மாற்றக் கூடாது. இதெல்லாம் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும் என்பதால் அந்தந்த வருடப் புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த படி ஸ்ட்ரீட் டூரிங். ஸ்பிரிங், அகலமான ரிம், இன்ஜின் கம்ப்யூட்டர், இருக்கை என்று நிறைய கதவுகள் திறக்கும். அதற்கு மேலே ஸ்ட்ரீட் பிரிபேர்ட், ஸ்ட்ரீட் மாடிஃபைட், அப்புறம் சாலையில் ஓட்டவே முடியாத வண்டிகள்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். 'இந்த கிளாஸில் நிறைய அனுமதி இருக்கிறது, நமக்கு வசதி' என்று தோன்றும். உண்மை நேர் எதிர். ஒன்றைச் செய்யலாம் என்று விதி சொன்னால், ஜெயிக்க நினைப்பவர்கள் எல்லோரும் அதைச் செய்திருப்பார்கள். செய்யாத கார் பின்தங்கும். ஆக அனுமதிப் பட்டியல் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் உங்கள் செலவுப் பட்டியலும். அதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. ஒரு கிளாஸுக்கு அரைகுறையாகத் தயாரான கார். முந்தைய உரிமையாளர் ஆசைக்கு ஒரு திறந்த காற்று வடிகட்டியை மாட்டியிருப்பார். வேகம் கூடியிருக்காது, சத்தம் மட்டும் கூடியிருக்கும். அந்த ஒரு பொருளுக்காகக் கார் ஸ்ட்ரீட்டை விட்டு வெளியே போய்விடும். தாழ்வான ஸ்பிரிங் போட்டிருந்தாலும் அதே கதி. எடுத்துவிட்டு ஒரிஜினலைப் போடலாம்தான். ஆனால் ஒரிஜினல் ஸ்பிரிங்கை அவர் என்றோ பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்.

அதனால் செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது நான் சொல்வது ஒன்றுதான். யாரும் கை வைக்காத காரைத் தேடுங்கள். வயதான தம்பதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டி, சர்வீஸ் ரசீதுகளை ஒரு கவரில் போட்டு வைத்திருக்கும் கார். பார்க்கச் சாதுவாக இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான் நேரம் ஆகும்.

நாங்கள் ஈ ஸ்ட்ரீட்டைத் தேர்ந்தெடுத்தோம். அப்போது மியாட்டாவின் முதல் இரண்டு தலைமுறைகளும் அதில் இருந்தன. எங்கள் வட்டாரத்தில் அந்த கிளாஸில் தவறாமல் வரும் நல்ல ஓட்டுநர்கள் மூன்று பேர் இருந்தார்கள். இதை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். ஆளே இல்லாத கிளாஸில் முதல் பரிசு வாங்கி என்ன செய்வது? ஒரே மாதிரிக் காரில் ஒருவர் உங்களைவிட 3 வினாடி முந்தினால், அந்த 3 வினாடியும் ஓட்டுநரின் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். காரைக் குறை சொல்ல முடியாது. வெவ்வேறு கிளாஸ்களை ஒப்பிட ரிக் ரூத் என்பவர் வெளியிடும் பாக்ஸ் குறியீடு இருக்கிறது. உங்கள் நேரத்தை உங்கள் கிளாஸின் எண்ணால் பெருக்கினால் எல்லோரையும் ஒரே பட்டியலில் வைக்கலாம். நல்ல கருவிதான். ஆனாலும் பக்கத்தில் நிற்கும் அதே காரோடு ஒப்பிட்டுக் கற்றுக்கொள்வது வேறு.

கார் டென்னஸியில் கிடைத்தது. 2002 மாடல், வெள்ளி நிறம், 1.8 லிட்டர், 118,000 மைல். 4,200 டாலர். அவ்வளவு தூரம் போனதற்குக் காரணம் உப்பு. எங்கள் பக்கம் குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் உப்பு கொட்டுவார்கள். பத்துப் பதினைந்து வருடம் அதில் ஓடிய காரின் அடிப்பாகம் பிஸ்கட் மாதிரி ஆகிவிடும். மியாட்டாவில் முதலில் பார்க்க வேண்டியது கதவுக்குக் கீழே ஓடும் பகுதி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால். துணிக் கூரையில் விழும் மழைநீர் வடிய உள்ளே குழாய் இருக்கிறது. இலையும் தூசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் அங்கேயே தேங்கி உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும். எங்கள் காரில் அழுத்தினேன், கல் மாதிரி இருந்தது. குழாய்களில் மட்டும் அடைப்பு. புல் வெட்டும் கருவியின் நைலான் கம்பியை விட்டு எடுத்தபோது ஒரு கைப்பிடி மண் வந்தது.

அப்புறம் தயாரிப்பு. இந்தச் சொல்லைக் கேட்டதும் எல்லோருக்கும் புதுப் பொருட்கள்தான் ஞாபகத்துக்கு வரும். எங்களுக்கு முதல் நான்கு மாதம் போனது காரை அது பிறந்த நிலைக்குக் கொண்டுவருவதில்தான். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கூலன்ட். பிரேக் ஆயில் டீ நிறத்தில் வந்தது, முழுக்க மாற்றினோம். கிளட்ச்சின் ஸ்லேவ் சிலிண்டர் கசிந்துகொண்டிருந்தது. இந்தக் காரில் அது அடிக்கடி போகும், விலையும் குறைவுதான், ஆனால் போட்டி நாளில் போனால் கியர் விழாது. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்ததில் முன் இடது பேரிங்கில் லேசான ஆட்டம். இதற்கு ஹப்போடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். போட்டிக்கு முன் நடக்கும் பாதுகாப்புச் சோதனையில் இதைத்தான் முதலில் ஆட்டிப் பார்ப்பார்கள். பாட்டரி டிக்கியில் இருக்கிறது. அதைப் பிடிக்கும் கம்பி தளர்ந்திருந்தது. அதையும் இறுக்கினோம். இதில் எதுவும் புகைப்படம் எடுத்துப் போடும் வேலை இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் முடிக்கும்போது கார் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து உட்கார்வது போல இருந்தது.

இருப்பதிலேயே கஷ்டமான வேலை வீல் அலைன்மென்ட். மியாட்டாவின் நான்கு சக்கரங்களிலும் சாய்வை மாற்ற முடியும். சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கைகளைக் காரின் உடலோடு சேர்க்கும் போல்ட்டுகள் மையம் விலகிய வட்டுகளோடு வரும். அவற்றைத் திருப்பினால் சக்கரம் உள்ளே வெளியே சாயும். ஸ்ட்ரீட் பிரிவில் இது பெரிய வரம். காசு செலவில்லாமல், விதிக்கு உட்பட்டு, வளைவில் டயரைத் தரையோடு முழுதாகப் படிய வைக்கலாம். ஆனால் பல வருடம் யாரும் திருப்பாமல் விட்டால் போல்ட், ரப்பர் புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். காரைக் கொண்டுபோன முதல் கடையில் "அளவெல்லாம் சரியாக இருக்கிறது" என்று காகிதம் அச்சடித்துக் கொடுத்துப் பணமும் வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் எட்டு போல்ட்டில் ஒன்றைக்கூடத் திருப்பிய அடையாளம் இல்லை.

ஒரு வாரம் தினமும் இரவு துரு இளக்கும் எண்ணெயை அடித்தோம். சனிக்கிழமை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, நீளமான பைப்பை ஸ்பேனரில் மாட்டி இருவரும் சேர்ந்து இழுத்தோம். ஐந்து திரும்பின. மூன்று அசையவில்லை. முன்னால் இருந்த இரண்டை ரம்பத்தால் அறுத்தே எடுத்தோம். ஒரு போல்ட்டுக்கு ஒன்றரை மணி நேரம், இரண்டு பிளேடு. கைகளில் அதிர்வு மறுநாள் வரை நிற்கவில்லை. புது போல்ட்டுகளுக்கு நிறைய கிரீஸ் தடவிப் போட்டோம். இப்போது வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் தளர்த்தி மறுபடி இறுக்குகிறேன், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அதற்கப்புறம்தான் கடைக்குப் போனோம். வாங்கியது மூன்று பொருள். முதலில் டயர், பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர், அளவு 205/50 ஆர்15. இதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கரோலாவின் டயரோடு ஒப்பிட்டால் இது வேறு பொருள். முதல் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியபோது கழுத்து ஒரு பக்கம் இழுத்தது. இதற்கு முன் எந்தக் காரும் அப்படி என்னை இழுத்ததில்லை. மற்ற எதற்கும் பணம் இல்லாவிட்டாலும் டயருக்கு ஒதுக்குங்கள். ஆனால் கடும் குளிரில் இவற்றை உருட்டக் கூடாது, ரப்பர் வெடிப்பு விடும். இரண்டாவது, முன்பக்கம் தடிமனான ஆன்டி-ரோல் பார். முன்னால் தடித்த பார் போட்டால் முன்பக்கப் பிடிமானம் குறையும் என்று பாடப்புத்தகம் சொல்லும். மென்மையான ஒரிஜினல் ஸ்பிரிங் இருக்கும் இந்தக் காரில் நடப்பது வேறு. உடல் சாய்வது குறைவதால் முன் டயர் விளிம்பில் நிற்காமல் படிந்து நிற்கிறது. வளைவை விட்டு வெளியேறும்போது உட்பக்கப் பின்சக்கரமும் தரையை விடாமல் தள்ளுகிறது. மூன்றாவது, இறுக்கத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய, கோனி நிறுவனத்தின் ஷாக் அப்சார்பர்கள். இவை ஒரு வருடம் கழித்துத்தான் வந்தன. அந்த ஒரு வருடத்தில் பழைய ஷாக்கோடு ஓட்டியது வீண் போகவில்லை. கார் துள்ளும்போது என்ன செய்யக் கூடாது என்று அதில்தான் கற்றேன்.

டயரில் காற்று எவ்வளவு என்பதற்கு யாரும் ஒரே பதில் சொல்ல மாட்டார்கள். பக்கச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் மடங்கியிருக்கிறது. இவ்வளவு எடை குறைந்த காருக்கு 30 பிஎஸ்ஐக்குக் கீழேயே போதும் என்று எங்களுக்கு அப்படித்தான் தெரிந்தது. ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் எடுத்துவிடலாம், விதி அனுமதிக்கிறது. பெட்ரோல் ஒரு கேலன் ஏறக்குறைய 6 பவுண்டு. அதனால் டாங்கை நிரப்பிக்கொண்டு போகத் தேவையில்லை. அதே சமயம் ரொம்பக் குறைந்தால் நீண்ட வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி இன்ஜின் திணறும். நாங்கள் கால் டாங்குக்கு மேல் வைத்துக்கொள்கிறோம்.

ஒரே காரை நாங்கள் இருவரும் ஓட்டுகிறோம். இது இங்கே சகஜம். அவர் எண் 43, என் எண் 143. அவர் முடித்து வந்ததும் இறங்குவார், நான் இருக்கையை முன்னால் இழுத்து பெல்ட்டை மாட்டுவதற்குள் அவர் டயர்மேல் தண்ணீர் தெளிப்பார். இருவர் மாறி மாறி ஓட்டும்போது டயர் சூடேறிப் பிடிமானம் குறையும், அதற்குத்தான் இந்தத் தண்ணீர். உயரமான அவருக்குத் துணிக் கூரையில் ஹெல்மெட் இடிக்கும். எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

ஒவ்வொரு கிளாஸுக்கும் பெண்கள் பிரிவு தனியாக உண்டு. விதிகள் ஒன்றுதான், கார்களும் அதே. இதில் சேர வேண்டுமா என்று நான் நிறைய யோசித்தேன். உள்ளூரில் பொதுப் பிரிவிலேயே ஓட்டுகிறேன், ஏனென்றால் என் போட்டியாளர்கள் அந்த மூன்று பேரும் என் கணவரும்தான். ஆனால் கிரிஸம் போன்ற இடத்துக்குப் போனால் பெண்கள் பிரிவில் பெயர் கொடுப்பேன். வடக்கு இந்தியானாவில் இருக்கும் பழைய விமானப்படைத் தளம் அது. விண்வெளி வீரர் கஸ் கிரிஸமின் பெயரை 1968இல் அதற்கு வைத்தார்கள். அங்கே வெவ்வேறு மாநிலங்களிலிருந்து, சிலர் இருபது வருடமாக ஓட்டும் பெண்கள் வருகிறார்கள். ஒருவர் பாதையை எனக்குக் கூடவே நடந்து காட்டினார். கோன் கோனாக நின்று, "இதைப் பார்க்காதே, இதற்கு அடுத்ததைப் பார்" என்றார். அன்று என் நேரம் முதல் ஓட்டத்துக்கும் மூன்றாம் ஓட்டத்துக்கும் இடையில் 2.1 வினாடி குறைந்தது. எந்தப் பொருளும் எனக்கு அவ்வளவு நேரம் வாங்கித் தந்ததில்லை.

செப்டம்பரில் நெப்ராஸ்காவின் லிங்கனில் தேசியப் போட்டி நடக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வருவார்கள். இரண்டு நாள், இரண்டு பாதை, பாதைக்கு மூன்று ஓட்டம், அவ்வளவுதான். தரை கான்கிரீட். அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

போவதற்கு முன் அந்த எட்டாவது போல்ட்டை எடுக்க வேண்டும். பின் வலது பக்கம், உள்ளே தள்ளி இருப்பது. அன்று அறுக்க இடமில்லாமல் விட்டுவிட்டோம். அதனால் அந்தச் சக்கரம் மட்டும் மற்றதைவிட 0.3 டிகிரி குறைவாகச் சாய்ந்து நிற்கிறது. இடது வளைவுகளில் என்னால் அதை உணர முடிகிறது. புது போல்ட் வாங்கி வைத்தாயிற்று. பிளேடு நான்கு இருக்கிறது.